புதிய ஏற்பாட்டுச் சுவடிகளில் பாடபேதங்கள்

புதிய ஏற்பாட்டு நூல்கள் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கிக் கிரேக்க மொழியில் எழுதப்பட்டவை. ஆசிரியர் கைப்பட எழுதிய மூலப்படி ஒன்றுகூட இன்று இல்லை. படியைப் பார்த்துப் படியெடுத்த சுவடிகளே எஞ்சியுள்ளன. கிரேக்கத்தில் மட்டும் இவை 5,000க்கும் மேல். இவற்றுக்கிடையே உள்ள சொல் வேறுபாடுகளே பாடபேதங்கள்.

சொற்களுக்கு நடுவே இடம் விடாமல் எழுத்துகளை அடுக்கி எழுதுவதே அக்கால வழக்கம். ஒரே சொல்லில் முடியும் இரண்டு வரிகள் வந்தால் கண் முதலதிலிருந்து இரண்டாவதற்குத் தாவிவிடும். நடுவில் உள்ளது விடுபடும். பக்தியும் பாடத்தை மாற்றியது. லூக்கா நற்செய்தியில் இயேசு கற்பித்த செபம் சுருக்கமானது. பிற்காலப் படிகள் பலவற்றில் அது மத்தேயுவில் உள்ளதுபோல் நீண்டிருக்கிறது. தினமும் சொல்லிப் பழகிய வாய்ப்பாடம் கைக்கு முந்திக்கொண்டது என்றே கொள்ள வேண்டும்.

ஒரு சிறு கோடு எவ்வளவு செய்யும் என்பதற்கு 1 தீமோத்தேயு 3:16 சான்று. 'அவர்' என்னும் பொருளில் வரும் கிரேக்கச் சொல் ஓமிக்ரான், சிக்மா என இரண்டே எழுத்து. முதல் எழுத்தின் வட்டத்துக்குள் ஒரு கோடும் மேலே ஒரு கோடும் இட்டால் அது 'கடவுள்' என்பதன் சுருக்கக் குறியாகிவிடும். லண்டனில் உள்ள 5ஆம் நூற்றாண்டு அலெக்சாந்திரியச் சுவடியில் இந்த இடத்தை 18ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த அறிஞர் வெட்ஸ்டைன், வட்டத்துக்குள் தெரிந்த கோடு தோல் ஏட்டின் மறுபக்க எழுத்தின் நிழல் என்றார். 4ஆம் நூற்றாண்டுச் சீனாய் சுவடியில் முதலில் படியெடுத்தவர் எழுதியது 'அவர்' என்றே. பின்வந்த திருத்துநர் அதைக் 'கடவுள்' ஆக்கினார்.

திருத்துவோருக்குள் சண்டையும் உண்டு. மற்றொரு பழைய சுவடியான வத்திக்கான் சுவடியில், எபிரேயர் திருமுகத்தின் தொடக்கத்தில் திருத்தப்பட்ட சொல்லைப் பழையபடி மாற்றிய ஒருவர், முன்பு திருத்தியவரை ஓரத்தில் கடுமையாகத் திட்டி எழுதியிருக்கிறார்.

பெரிய சேர்க்கைகளும் உண்டு. சீனாய், வத்திக்கான் சுவடிகளில் மாற்கு நற்செய்தி 16:8இல், பெண்கள் கல்லறையைவிட்டு அஞ்சி ஓடுவதோடு நின்றுவிடுகிறது; பிற படிகளில் அதன்பின் வரும் பகுதி சேர்க்கை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை யோவானின் மிகப் பழைய படிகளில் இல்லை. சில சுவடிகள் அதை லூக்காவில் வைத்துள்ளன.

அறிஞர் ஜான் மில் 30 ஆண்டு உழைத்து 1707இல் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்பு சுமார் 30,000 பாடபேதங்களைக் காட்டியது. விசுவாசிகள் பலர் கலங்கினர். அந்தக் கலக்கம் தேவையற்றது. பெரும்பாலானவை எழுத்துப் பிழையும் சொல் இடமாற்றமுமே. படிகள் பெருகியதால்தான் இடைச்செருகல்களைக் கண்டுபிடிக்கவும் முடிந்தது.

அத்தகைய இடைச்செருகல் ஒன்று: தந்தை, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் பரலோகத்தில் சாட்சி என்னும் 1 யோவான் 5:7இன் வரி பழைய கிரேக்கச் சுவடிகளில் இல்லை. அறிஞர் எராஸ்மஸ் தம் கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 1516, 1519 பதிப்புகளில் அதை விட்டுவிட்டு, அது எழுதப்பட்ட ஒரு கிரேக்கச் சுவடி காட்டப்பட்டபின் 1522இல் சேர்த்தார். தமிழில் பழைய மொழிபெயர்ப்பான பரிசுத்த வேதாகமத்தில் அந்த வரி இருக்கிறது. 1995இல் வந்த திருவிவிலியம் என்னும் மொழிபெயர்ப்பின் பாடத்தில் இல்லை.