மேலைநாடுகளில் ஆயுர்வேதம்

மேலைநாட்டு ஆயுர்வேதம் என்பது, இந்திய மரபு மருத்துவமான ஆயுர்வேதம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அங்குள்ள நோயாளிகளின் உணவுக்கும் பழக்கவழக்கத்துக்கும் சட்டத்துக்கும் ஏற்ப மாறி வழங்கும் வடிவமாகும். 1980களில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியான இயக்கமும், புனேயில் பயின்று 1984இல் நியூமெக்சிகோ மாநிலத்தில் ஆயுர்வேதக் கல்வி நிறுவனமொன்றைத் தொடங்கிய வசந்த் லாடும் இதற்கு அடித்தளமிட்டனர்.

இத்தகைய மாற்றத்துக்கு மூலநூல்களிலேயே இடமுண்டு. நோயாளியை ஆராயச் சரக சம்ஹிதை வகுக்கும் பத்துக் கூறுகளுள் சாத்மியமும் ஒன்று. நெடுநாள் பழக்கத்தால் ஒருவரது உடலுக்கு ஒத்துப்போன உணவையும் நடைமுறையையும் அச்சொல் குறிக்கும். ஆகவே அரிசிக்கஞ்சி பழகாத ஒருவருக்கு ஓட்ஸ் கஞ்சியைப் பத்தியமாக விதிப்பது மரபை மீறுவதாகாது. டேவிட் ஃபிராலியும் லாடும் 1986இல் வெளியிட்ட மூலிகை நூல், சீமைச் சாமந்தி போன்ற மேலைநாட்டு மூலிகைகளையும் அவற்றின் சுவை, வீரியம் எனப்படும் சூடு அல்லது குளிர்ச்சித் தன்மை, விபாகம் எனப்படும் செரிமானத்துக்குப் பிந்தைய விளைவு ஆகியவற்றைக் கொண்டு வகைப்படுத்தியது. மருந்தை மாற்றி முறையைக் காத்த இம்முயற்சியே தழுவல்களுள் மிகவும் மதிக்கத்தக்கது.

உடலைத் தூய்மை செய்யும் பஞ்சகர்மச் சிகிச்சை வேறு விதமாக மாறியது. வாந்தி எடுக்கச் செய்யும் வமனமும் குருதியை வெளியேற்றும் இரத்தமோட்சணமும் பெரும்பாலும் கைவிடப்பட, சிகிச்சைக்கு முன் உடலைப் பக்குவப்படுத்துவதற்கென்றே அமைந்த எண்ணெய்ப் பூச்சும் ஒற்றடமும் தனிச் சிகிச்சைகளாக முன்னுக்கு வந்தன. கடுமையான சிகிச்சையாகவும் விளங்கிய ஒரு மருத்துவம் மென்மையானதாக மட்டும் காட்டப்படுவதைப் பிரெஞ்சு மானிடவியலாளர் பிரான்சிஸ் சிம்மர்மன் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

சட்டமும் இதன் உருவத்தை மாற்றியது. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஆயுர்வேதத் தயாரிப்புகள் பெரும்பாலும் மருந்தாக அல்லாமல் உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுவதால், விற்பனைக்கு முன் அவற்றின் பயனை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு நெறிமுறையோ, எளிய முறையில் பதிவுபெற விரும்பும் மூலிகை மருந்து 30 ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும் என்றும், அதில் 15 ஆண்டுகள் பொதுவாக ஒன்றியத்துக்குள் கழிந்திருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுப் பஸ்பமாக்கும் ரசசாஸ்திரப் பிரிவு இத்தகைய ஏற்பாடுகளுக்குள் அடங்குவதில்லை. பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 தயாரிப்புகளுள் 14இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்ததாக 2004இல் வெளிவந்த ஆய்வு கூறியபின் இவற்றின் மீதான அச்சம் பெருகியது; அந்த அச்சம் நியாயமானதே.

எனினும் பெரிய இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. நாடி பார்த்தும் வினவியும் செரிமான ஆற்றலை அறிந்தும் கணிக்க வேண்டிய பிரகிருதி, அதாவது பிறவியிலேயே அமைந்த உடலியல்பு, சில கேள்விகளுக்கு விடையளித்து அறியும் உடல்வகையாகச் சுருங்கியது. வைத்தியர் ஆளறிந்து, அளவும், மருந்தோடு சேர்த்து உண்ணும் பொருளான அனுபானமும் குறித்துத் தரவேண்டிய அஸ்வகந்தா மூலிகை எல்லோருக்கும் ஒரே அளவிலான மாத்திரையாயிற்று. இதற்கு மாறாக, பெர்லினின் சாரிட்டே மருத்துவமனை சார்ந்த ஆய்வாளர்கள் மூட்டுத் தேய்மானம் கொண்ட 151 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினருக்கு உணவு, எண்ணெய்ச் சிகிச்சை, மூலிகை, யோகப் பயிற்சி ஆகியவை ஒருவருக்கொருவர் வேறுபடுமாறு சேர்த்து அளிக்கப்பட்டன. 12 வாரங்களில் அவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் கூடுதல் நலம் கண்டனர். தாம் பெறும் சிகிச்சை எது என்பதை நோயாளிகள் அறிந்திருந்தது அவ்வாய்வின் குறையாகும். ஆயினும், தகுதிபெற்ற வைத்தியரின் நேரடிக் கண்காணிப்பு இன்றியமையாத இம்மருத்துவத்தைத் தொழிலாகச் செய்வதற்கு, அமெரிக்காவின் எந்த மாநிலமும் தனி உரிமம் வழங்குவதில்லை.