போலச்செய்தலும் எள்ளலும்: கொச்சி மிமிக்ஸ் பரேடை முன்வைத்து

கொச்சியில் கலூரை அடுத்த எறணாகுளம் வடக்கில் இயங்கும் கலாபவன், 1969இல் அருட்தந்தை ஆபேல் தொடங்கிய கலை அமைப்பு. கானமேளா எனப்படும் மேடைப் பாட்டுக் கச்சேரிகளில் பாடகர்கள் இளைப்பாறும் நேரத்தை நிரப்பவே அக்காலத்தில் பலகுரல் பயன்பட்டது. 1981இல் சித்திக், லால் உள்ளிட்ட ஆறு இளைஞர்கள் அதையே முழுநீள நிகழ்ச்சியாக்கி, ‘மிமிக்ஸ் பரேடு’ என மேடையேற்றினர். மனிதர் ஏன் பிறரைப் போலச்செய்கிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிடச் செறிவான சான்று தென்னிந்தியாவில் அரிது.

மேலிருப்போரைக் கீழிருப்போர் பின்பற்றுவதே போலச்செய்தலின் பொதுப்போக்கு என்றார் பிரெஞ்சுச் சமூகவியலாளர் கப்ரியேல் தார்த் (1890). கொச்சி மேடை இதற்குப் பாதிதான் பொருந்துகிறது. திரைக் குடும்பப் பின்புலமில்லாத இளைஞனுக்கு நட்சத்திரத்தின் குரல் ஒரு நுழைவுச்சீட்டு. கலாபவனிலிருந்து வந்த ஜெயராமின் முதல் படம் ‘அபரன்’ (1988). அதில் அவர் ஏற்றது, உருவ ஒற்றுமையால் வேறொருவனாகக் கருதப்பட்டு அல்லலுறும் இளைஞன் வேடம். சாலக்குடியில் ஆட்டோ ஓட்டிய கலாபவன் மணியைத் தமிழர்கள் அறிந்தது ‘ஜெமினி’ (2002) படத்தில் அவர் விலங்குகளைப் போல நடித்துக் காட்டிய காட்சிகளால். பிறர் குரலில் பேசிப் பேசியே தமக்கென ஒரு பெயரை ஈட்டியவர்கள் இவர்கள்.

பலகுரல் கலைஞர் ஒருவரது குரல் முழுவதையும் எடுத்துக்கொள்வதில்லை. ஓர் இழுவை, மூச்சு வாங்கும் இடம், சொல்லின் கடைசியில் விழும் அழுத்தம் ஆகியவை போதும். மிச்சத்தை அவையோர் தம் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்வர். இந்தச் சுருக்கமே ஆபத்தும் ஆகிறது. நடிகர் ஜெயன் 1980 நவம்பரில் சோழவரத்தில் ஹெலிகாப்டர் சண்டைக்காட்சிப் படப்பிடிப்பின்போது இறந்தார். பின்னர் பிறந்த தலைமுறையினர் பலர் அவரது படங்களைப் பார்க்கும் முன்பே, மேடைகளில் மிகைப்படுத்தப்பட்ட அவரது குரலைக் கேட்டுச் சிரித்தனர். அசலுக்கு முன்னால் நகல் வந்து உட்கார்ந்துகொண்டது.

தார்த்தின் விதிக்குள் அடங்காத மறுபாதியே என்னை அதிகம் உறுத்துகிறது. மேடைகளில் திக்குவாயரும் பார்வையற்றோரும் மனநலம் குன்றியோரும்கூடப் போலச்செய்யப்பட்டனர். அவர்களைப் போல ஆகவேண்டும் என்று எவரும் விரும்பவில்லை. ‘நான் அவனில்லை’ என்று அவையோடு சேர்ந்து உறுதிசெய்துகொள்ளும் செயல் அது. ஆக, நெருங்குவதற்கும் விலகுவதற்கும் மனிதர் கையாளும் கருவி ஒன்றே.

இவற்றைப் பிரித்தறியத் தொல்காப்பிய மரபு ஓர் அளவுகோல் தருகிறது. நகை பிறக்கும் நான்கு களங்களில் எள்ளலும் ஒன்று. பிறரை எள்ளி நகுதல், பிறர் தன்னை எள்ளியவழித் தானே நகுதல் என இரண்டையும் அதற்குப் பொருளாகக் கொள்கிறது உரையாசிரியர் பேராசிரியரின் உரை. முன்வரிசையில் அமர்ந்து தன் நகலைக் கண்டு சிரிக்க நட்சத்திரத்தால் முடியும். அவருக்குப் புகழ் இருக்கிறது, மறுமொழி சொல்ல வேறு மேடைகளும் இருக்கின்றன. திக்குவாயருக்கு அந்த இரண்டாம் நகை வாய்ப்பதில்லை. போலச்செய்யப்பட்டவரும் சேர்ந்து நகக்கூடியதையே கலை என்பேன். அவர் நக இடமில்லாதது வெறும் ஏளனம். தமிழ்த் தொலைக்காட்சியின் பலகுரல் நிகழ்ச்சிகளையும் இந்த அளவுகோல் கொண்டே மதிப்பிட வேண்டும்.