பார்த்தவர் சொன்னதும் வரலாறே: மும்பைத் தமிழரும் ஆவணப்படத் தொலைக்காட்சியும்

இந்தியத் தொலைக்காட்சியின் வரலாற்றை எழுதியோர் நிலையங்கள் தொடங்கிய நாள்களையும், செயற்கைக்கோள்களின் பெயர்களையும், குழுக்களின் பரிந்துரைகளையும் விரிவாகப் பதிந்துள்ளனர். திரைக்கு எதிரே அமர்ந்திருந்தவர் என்ன சொன்னார் என்பதற்கு அவ்வரலாறுகளில் கிடைக்கும் பக்கங்கள் குறைவு. ‘நன்றாக இருந்தது’, ‘புரியவில்லை’, ‘இது நமக்காக எடுத்ததில்லை’ என்று போகிற போக்கில் சொல்லப்படும் கருத்துகள் ஆய்வுக்கு உரிய சான்றுகளாகக் கொள்ளப்படுவதில்லை. ஆவணப்படங்களும் கல்வி நிகழ்ச்சிகளும் மிகுதியாக உருவான நகரங்களுள் ஒன்று பம்பாய். தமிழர் பெருந்தொகையாக வாழும் தாராவியும் மாட்டுங்காவும் செம்பூரும் அந்நகரிலேயே உள்ளன. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அந்தச் சிறு கருத்துகளுக்குள் ஒரு பெரிய மொழிச் சிக்கல் இருப்பது புலப்படும்.

தொலைக்காட்சிக்கு முன்பே இச்சிக்கல் தொடங்கிவிட்டது. 1948-இல் ஒன்றிய அரசு பம்பாயில் ஃபிலிம்ஸ் டிவிஷனை நிறுவியது. செய்திச் சுருள்களும் ஆவணப்படங்களும் அதன் பெடர் சாலை வளாகத்திலிருந்து நாடெங்கும் சென்றன. முழுநீளப் படத்துக்கு முன்னர் இவற்றைத் திரையிடுவது அக்காலத்தில் திரையரங்கு உரிமத்தின் நிபந்தனையாக இருந்தது. அதற்குக் கட்டணமும் செலுத்த வேண்டியிருந்தது. தமிழ்ப் படங்களுக்குப் பேர்போன மாட்டுங்கா அரோரா திரையரங்கும் இந்த விதிக்கு உட்பட்டதே. எம்.ஜி.ஆர். படத்துக்கோ சிவாஜி படத்துக்கோ சீட்டு வாங்கியவர் அணைக்கட்டையும் அம்மைத் தடுப்பூசியையும் ஐந்தாண்டுத் திட்டத்தையும் கடந்தே கதைக்குள் செல்ல முடிந்தது. ‘நியூஸ் ரீல் முடிந்த பிறகு போனால் போதும்’ என்பது அக்காலத்தில் பரவலாக இருந்த வழக்கம். அதுவும் ஒரு விமர்சனந்தான்; காலால் எழுதப்பட்ட விமர்சனம்.

ஃபிலிம்ஸ் டிவிஷன் படங்கள் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் குரல் மாற்றம் பெற்றன. விவரணை பெரும்பாலும் முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பின்னர் மொழிபெயர்க்கப்பட்டது. அதனால் அமைந்த தமிழ், செயப்பாட்டு வினைகள் நிறைந்த அறிவிப்புத் தமிழாக இருந்தது. ‘நாற்று நடுறாங்க’ என்று வயலில் நிற்பவர் சொல்வதைக் குரல் ‘நாற்றுகள் நடப்படுகின்றன’ என்று சொல்லும். முதல் வாக்கியத்தில் நடுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவதில் நாற்று மட்டுமே இருக்கிறது. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் பிரிந்து நிற்கும் இரட்டை வழக்கு மொழி தமிழ். மேடைக்கும் பாடநூலுக்கும் எழுத்து வழக்கு உரியது என்பதைத் தமிழர் எவரும் மறுப்பதில்லை. ஆனால், எந்த வழக்கைத் தேர்ந்தெடுத்தாலும் கேட்பவர் யார் என்பதையும் அத்தேர்வு சேர்த்தே சொல்லிவிடுகிறது. அந்தக் குரலுக்கு முன்னால் இருந்தவர் குடிமகன்; உரையாடலில் பங்கு கொள்பவர் அல்லர்.

பம்பாய்த் தொலைக்காட்சி நிலையம் 1972 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டில் வந்தது. அதே 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, ஏ.டி.எஸ்.-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் வழியாக ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. ‘சைட்’ என்று சுருக்கமாக அறியப்பட்ட அத்திட்டத்தில் இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகள் இடம்பெற்றன. தமிழ்நாடு அந்த ஆறு மாநிலங்களுள் இல்லை. இங்குக் கவனிக்க வேண்டியது, பார்த்தவரின் கருத்துக்கு அத்திட்டம் அளித்த மதிப்பு. சமூக ஆய்வாளர்கள் கிராமங்களிலேயே தங்கி, யார் பார்த்தார்கள், எது புரிந்தது, எது புரியவில்லை என்று பதிந்தனர். உழவரின் ‘புரியவில்லை’ அங்கே தரவாயிற்று. நகரத்துச் சிறுபான்மை மொழியினருக்கு அத்தகைய பேரேடு எதுவும் திறக்கப்படவில்லை.

1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வி நிகழ்ச்சிகளைத் தூர்தர்ஷனில் தொடங்கியது. சிற்றூர்க் கல்லூரி மாணவருக்கும் நல்லாசிரியரின் வகுப்பு கிட்ட வேண்டும் என்பது நோக்கம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் தயாரிப்பு மையம் அமைந்தது. ஆனால் ஒளிபரப்பின் முதன்மை மொழி ஆங்கிலம். நோக்கம் யாரைச் சுட்டியதோ அவருக்கு மொழி தடையாயிற்று. மொழி யாருக்குத் தடையில்லையோ அவருக்கு நிகழ்ச்சி அத்தனை இன்றியமையாததாக இல்லை. மும்பையில் இந்த முரண் ஒரே நகருக்குள் அடங்கியது. ஆங்கிலப் பள்ளிகளின் வழியே வந்த மாட்டுங்கா மாணவரும், மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்த தாராவி மாணவரும் ஒரே ஒளிபரப்பின் எல்லைக்குள் இருந்தனர். ஒரே கேள்வியாளர் கூட்டத்தில் அவர்கள் இருந்தனர் என்று சொல்ல இயலாது.

1988-இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய ஷியாம் பெனகலின் ‘பாரத் ஏக் கோஜ்’ 53 பகுதிகள் கொண்டது. நேருவின் நூலைத் தழுவிய அத்தொடரில் சங்க காலமும் சிலப்பதிகாரமும் சோழப் பேரரசும் தனிப் பகுதிகளாக அமைந்தன. தேசிய வரலாற்றைச் சொல்லும் ஓர் அரசுத் தொடர், கங்கைச் சமவெளியோடு நில்லாமல் பூம்புகாருக்கும் தஞ்சைக்கும் வந்தது சிறு செய்தியன்று. எனினும் கண்ணகி அங்கே இந்தியில் நீதி கேட்டாள். இதை மொழித் திணிப்பு என்று மட்டும் படிப்பதும், தேசிய அங்கீகாரம் என்று மட்டும் படிப்பதும் முழுமையாகா. இந்தி தெரிந்த மும்பைத் தமிழருக்குத் தம் இலக்கியம் அக்கம்பக்கத்தாருக்கும் தெரியவருகிறது என்ற நிறைவும், தம் மொழியில் அது வரவில்லை என்ற குறையும் ஒரே மாலையில் வாய்த்திருக்கக்கூடும்.

பார்வையாளர் கருத்தை அரசுத் தொலைக்காட்சி அறியவே இல்லை என்பதற்கில்லை. 1990-களில் மும்பையிலிருந்து சித்தார்த் காக் தயாரித்த ‘சுரபி’ என்ற பண்பாட்டு நிகழ்ச்சிக்கு ஒரே வாரத்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தது லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. அஞ்சல் துறை போட்டிகளுக்கெனத் தனி அஞ்சலட்டையே வெளியிட்டது. ஆயினும் அந்த அட்டைகளில் பெரும்பாலானவை வினாவுக்கு விடை எழுதியவை. நிகழ்ச்சி கேட்டது, மக்கள் விடை சொன்னார்கள். மக்கள் கேட்டு நிகழ்ச்சி விடை சொல்லும் வழி குறுகலாகவே இருந்தது.

இதற்கு மாறாக, பார்க்கப்படுபவர் கேள்வி கேட்ட படம் ஒன்று மும்பையிலேயே உண்டு. ஆனந்த் பட்வர்தனின் ‘ஹமாரா ஷஹர்’ 1985-இல் வெளிவந்தது. குடிசைகளும் நடைபாதை வீடுகளும் இடிக்கப்பட்டதைப் பதிந்த படம் அது. நடைபாதைவாசிகளின் வாழ்வாதாரம் பற்றிய ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே ஆண்டிலேயே. தேசிய விருது பெற்ற பின்னும் அப்படத்தைத் தூர்தர்ஷனில் கொண்டுவர இயக்குநர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. அதில், வீடிழந்த பெண் ஒருவர் படக்குழுவைக் கடிந்துகொள்கிறார்: ஏழைகளைப் படம்பிடித்து நீங்கள் பேர் வாங்குவீர்கள், எங்களுக்கு என்ன கிடைக்கும் என்பது அவர் கேள்வியின் சாரம். ஆவணப்படம் பற்றி இந்நகரில் சொல்லப்பட்ட கருத்துகளுள் இதைவிடக் கூர்மையானது அரிது. பட்வர்தன் அதை வெட்டி எறியாமல் படத்திலேயே வைத்தார். அதனால்தான் அக்கேள்வி இன்றும் கிடைக்கிறது.

செம்பூரை அடுத்த தேவனாரிலுள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் அஞ்சலி மொன்டேரோவும் கே.பி. ஜெயசங்கரும் 2003-இல் எடுத்த ‘நாதா’ அக்கேள்வியை வேறு வகையில் ஏற்றுக்கொண்டது. 1992–93 கலவரங்களுக்குப் பின் தாராவியில் அமைதிக் குழுக்களில் பணியாற்றிய பாவு கோர்டே, வக்கார் கான் ஆகியோரின் நட்பு அதன் மையம். அவ்விருவரும் காட்சி ஊடகத்தைத் தாமே உருவாக்கிப் பயன்படுத்தியவர்கள். பார்க்கப்படும் பொருளாக மட்டும் நின்றவர்கள் அல்லர். படைத்தவர்களும் இந்நகரில் தங்கள் நிலை என்ன என்ற கேள்வியைப் படத்துக்குள்ளேயே எழுப்பிக்கொண்டனர். 2010 ஜனவரியில் பிரிட்டனின் சேனல் 4, கெவின் மெக்லௌட் தாராவியில் தங்கிப் பார்த்ததை இரு பகுதிகளாக ஒளிபரப்பியது. சாக்கடையையும் சமூக நெருக்கத்தையும் ஒருசேரக் காட்டிய அத்தொடர் இந்தியத் தரப்பின் கண்டனத்துக்கும் உள்ளாயிற்று. கண்டித்தவர்களின் கவலை பெரிதும் நாட்டின் பெயரைப் பற்றியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்கு வந்து தலைமுறைகளாக அங்கு வாழ்வோர் அத்தொடரைப் பற்றி என்ன நினைத்தனர் என்பது அவ்விவாதத்தில் இடம்பெறவில்லை.

2011-இல் டிஸ்கவரி தமிழுக்கெனத் தனி அலைவரிசை தொடங்கியது. காலப்போக்கில் அதன் விவரணை எழுத்து வழக்கிலிருந்து பேச்சு வழக்குக்கும், திரைப்பட வசனத்தை நினைவூட்டும் நையாண்டிக்கும் நகர்ந்தது. இது மொழிச் சிதைவு என்பார் ஒருபுறம். அறிவியல் இப்போதுதான் வீட்டுக்குள் வந்தது என்பார் மறுபுறம். இரு தரப்பும் விவாதிப்பது சொல் வடிவத்தை. சிறுத்தையைப் பற்றி எந்தத் தமிழில் சொன்னாலும், சிறுத்தை மறுத்துப் பேசப்போவதில்லை. மனிதரைப் பற்றிய ஆவணப்படத்தில்தான் வழக்குத் தேர்வு அறச்சிக்கலாகிறது. திரையில் ஒருவர் தமிழில் பேச, அதன் மேல் வேறொரு மொழியின் குரல் படியும்போது, அவர் சான்றாக எஞ்சுகிறார், சாட்சியாக நிற்பதில்லை.

தாராவி மறுசீரமைப்பு இன்று திட்டவரைவுகளிலிருந்து இறங்கித் தெருக்களுக்கு வந்துவிட்டது. எந்தக் குடும்பம் எங்கே இருந்தது, எந்த மொழியில் வாழ்ந்தது என்பதற்கு ஆவணப்படங்களும் நாளை ஆதாரமாக எடுத்துக்காட்டப்படும். ஆகவே அப்படங்களைப் பற்றிய கருத்துகளையும் அவற்றோடு சேர்த்துச் சேகரிப்பது காலம் கடத்தக்கூடாத பணி. ஃபிலிம்ஸ் டிவிஷனின் பழைய வளாகத்தில் 2019 முதல் இந்தியத் திரைப்பட அருங்காட்சியகம் இயங்குகிறது. நகரின் பல்கலைக்கழகங்களில் மொழியியலும் ஊடகவியலும் பயில்வோருக்கு இரு வேலைகள் காத்திருக்கின்றன: பழைய தமிழ்க் குரல்வடிவங்களைத் தேடிக் கேட்டு அவற்றின் நடையை விவரிப்பது ஒன்று, அறுபதைக் கடந்த மும்பைத் தமிழரிடம் ‘அப்போது டிவியில் என்ன பார்த்தீர்கள், எது பிடித்தது, எது பிடிக்கவில்லை’ என்று அவர்கள் பேசும் தமிழிலேயே கேட்டு எழுதிக்கொள்வது மற்றொன்று. இரண்டாவது வேலைக்கு வயது இடம் கொடுக்கும் காலம் குறுகியது.