மக்ஸன் முதல் மேகசின் வரை: ஒரு சொல்லின் பயணம்

 

 ஆண்டறிக்கை தயாராகும் நாட்களில், "ஹஜ்ரத், மேகசினுக்குக் கட்டுரை தயாரா?" என்று நம் இளைஞர்கள் என்னிடம் கேட்பது வழக்கம். 'மலர்' என்றோ 'இதழ்' என்றோ அவர்கள் சொல்வதில்லை. 'மேகசின்' என்றே சொல்கிறார்கள். ஆங்கிலச் சொல் என்று எண்ணி நாம் அன்றாடம் வழங்கும் அச்சொல், உண்மையில் மதரஸாவின் முதல் வகுப்பு மாணவனும் அறிந்த ஓர் அரபுச் சொல்லின் வழிவந்ததாகும். அதன் வரலாற்றை அறிவது நமக்கு ஒரு பாடமாகவும் அமையும்.

அரபியில் 'கஸன' என்றால் சேமித்து வைத்தான், பாதுகாத்து வைத்தான் என்று பொருள். சேமித்து வைக்கும் இடம் 'மக்ஸன்'. அதன் பன்மை 'மகாஸின்'. நாம் 'கஜானா' என்று சொல்லும் சொல்லும் இதே வேரிலிருந்து பாரசீகம், உருது வழியாக நம்மை வந்தடைந்ததுதான். மொராக்கோ நாட்டில் அரசாங்கத்தையே 'மக்ஸன்' என்று குறிப்பிடும் வழக்கம் இன்றும் உண்டு. வரியும் தானியமும் சேர்த்து வைக்கப்பட்ட இடமே ஆட்சிக்குப் பெயராயிற்று.

இடைக்காலத்தில் எகிப்து, வட ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் மிளகும் கிராம்பும் துணியும் வாங்க வந்த இத்தாலிய வணிகர்கள், சரக்கோடு சொல்லையும் எடுத்துச் சென்றனர். அவர்கள் நாவில் அது 'மகட்ஸீனோ' ஆயிற்று. பிரெஞ்சில் 'மகஸேன்' ஆயிற்று. ஸ்பானியர்களோ அரபியின் 'அல்' என்னும் முன்னொட்டையும் சேர்த்து 'அல்மஸேன்' என்றனர். இன்றும் பிரான்சிலும் ரஷ்யாவிலும் இச்சொல்லுக்குக் கடை என்பதே பொருள். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் நுழைந்தபோதும் அது பண்டகசாலையையே குறித்தது.

பின்னர் அதன் பொருள் இரண்டு வழிகளில் பிரிந்தது. ஒரு வழி போர்க்களத்தை நோக்கிச் சென்றது. வெடிமருந்துக் கிடங்கு 'மேகசின்' எனப்பட்டது. துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் பெட்டிக்கும் அதுவே பெயராயிற்று. 1857 மே 11 அன்று தில்லியில் விடுதலைப் போராளிகள் கைப்பற்ற வந்தபோது ஆங்கிலேயர் வெடி வைத்துத் தகர்த்த ஆயுதக் கிடங்கையும் வரலாற்று நூல்கள் 'தில்லி மேகசின்' என்றே குறிப்பிடுகின்றன. அதன் வாயில்கள் இன்றும் அங்கு நிற்கின்றன. கொழும்பில் 'மகசின்' என்ற பெயரிலேயே ஒரு சிறைச்சாலை இருப்பதை ஈழத்துச் செய்திகளைப் படிப்போர் அறிவர்.

மற்றொரு வழி நூலகத்தை நோக்கிச் சென்றது. பொருட்களுக்குக் கிடங்கு இருப்பதுபோல் அறிவுக்கும் ஒரு கிடங்கு வேண்டும் என்ற எண்ணத்தில், பதினேழாம் நூற்றாண்டிலேயே சில நூல்களுக்கு இப்பெயர் சூட்டப்பட்டது. 1731-இல் லண்டனில் எட்வர்ட் கேவ் என்பவர், பல பத்திரிகைகளில் சிதறிக் கிடந்த நல்ல செய்திகளைத் திரட்டி மாதந்தோறும் வெளியிடத் தொடங்கினார். 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' என்று அதற்குப் பெயரிட்டார். பருவ இதழுக்கு இப்பெயர் நிலைத்தது அவராலேயே ஆகும்.

நூலுக்குக் களஞ்சியம் என்று பெயரிடும் வழக்கம் அரபு உலகிற்கும் புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்துல் காதிர் அல்பக்தாதி அவர்கள் தமது பெரும் இலக்கிய நூலுக்குக் 'கிஸானத்துல் அதப்' என்றே பெயர் வைத்தார்கள். ஆயினும் இன்றைய அரபியில் பருவ இதழுக்கு 'மஜல்லா' என்றே பெயர். 'மகாஸின்' என்றால் அங்கே கிடங்குகளும் கடைகளும்தாம்.

தமிழ்ச் சொல் ஒன்றும் இவ்வாறே பயணம் செய்துள்ளது. தென்காசிக் கடைத்தெருவில் சரக்கு வைக்கும் இடத்தைக் 'குடோன்' என்கிறோம். இது மலாய் மொழியின் 'குடாங்' என்பதிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றது. மலாய்ச் சொல்லோ நம் 'கிடங்கு' என்பதிலிருந்தும், அதன் தெலுங்கு உறவுச் சொல்லிலிருந்தும் பிறந்தது என்று சொல்லாராய்ச்சியாளர் கருதுவர். ஆக, ஆங்கிலேயர் சேமிப்பிடத்திற்கு ஒரு பெயரை அரபியிலிருந்தும், மற்றொன்றைத் தென்னாட்டு மொழிகளிலிருந்தும் பெற்றனர். அரபியில் ஓதித் தமிழில் பேசும் நம்மிடம் இவ்விரண்டும் அயல்வேடத்தில் திரும்பி வந்தபோது, நமக்கு அடையாளம் தெரியவில்லை!

நம் பகுதியும் இந்தப் பண்டகசாலை வரலாற்றுக்கு அயலானதன்று. அரபு வணிகர்கள் நெடுங்காலம் வந்துபோன கொல்லம் துறைமுகத்திற்கும் நமக்கும் இடையே ஆரியங்காவுக் கணவாய்தான் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்களைப் பேணினர். 1904-இல் செங்கோட்டையும் கொல்லமும் ரயில் பாதையால் இணைந்தன. அன்று செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் அது நம் மாநிலத்தோடு இணைந்தது.

அறிவுக் கிடங்கு அமைப்பதிலும் தமிழ் முஸ்லிம்கள் பின்தங்கி இருக்கவில்லை. 1882-இல் அறிஞர் சித்தி லெப்பை இலங்கையில் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். 1887-இல் மகுதூம் சாயபு சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' நடத்தினார். பின்னர் பா. தாவூத் ஷா 'தாருல் இஸ்லாம்' இதழை நடத்தினார். அக்கால மக்களின் நிலையை நாம் அறிவதற்கு இவ்விதழ்களே இன்று சான்றுகளாக உள்ளன.

அருள்மறையில் இவ்வேர்ச்சொல் பல இடங்களில் வந்துள்ளது. ஒவ்வொரு பொருளின் களஞ்சியமும் இறைவனிடமே உள்ளது என்றும், அதனை அவன் அளவோடு இறக்குகிறான் என்றும் அல்ஹிஜ்ர் அத்தியாயத்தின் 21-ஆம் வசனம் உணர்த்துகிறது. யூசுப் அத்தியாயத்தின் 55-ஆம் வசனத்தில், நபி யூசுப் (அலை) அவர்கள் நாட்டின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்கிறார்கள். அப்போது தம் தகுதியாக அவர்கள் கூறியவை இரண்டு: ஒன்று பாதுகாக்கும் தன்மை, மற்றொன்று அறிவு. பாதுகாத்தும் அறியாதவன் பூட்டுக்கு ஒப்பாவான். அறிந்தும் பாதுகாக்காதவன் ஓட்டைப் பானைக்கு ஒப்பாவான்.

இவ்வசனத்தை ஓதும்போதெல்லாம் என் உள்ளத்தை உறுத்தும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. முன்பு நான் பணியாற்றிய ஒரு மஹல்லாவில், கணவரை இழந்த தாயார் ஒருவர் தம் நிகாஹ் சான்று கேட்டு வந்தார். உதவித்தொகைக்கு அது தேவைப்பட்டது. அலமாரியைத் திறந்து பழைய தப்தரை எடுத்தேன். பல ஆண்டுச் சாரலின் ஈரம் சுவர் வழியே ஏறி, அவ்வாண்டின் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. பிரித்தபோது மை மறுபக்கத்தோடு போய்விட்டது. சாட்சிகள் இருவரும் மரணித்துவிட்டனர். "ஹஜ்ரத், இந்த ஏட்டுல இல்லேன்னா எங்க நிகாஹ் வேற எங்க இருக்கும்?" என்று அந்தத் தாயார் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இறுதியில், அந்தத் திருமண விருந்தில் பரிமாறிய முதியவர் ஒருவரின் எழுத்து வாக்குமூலத்தால் காரியம் முடிந்தது. ஆனால் அதற்குப் பல மாதங்கள் ஆயின. அந்த அலமாரியின் சாவி என்னிடம்தான் இருந்தது. பாதுகாப்பவன் என்ற பெயர் எனக்கிருந்தது, பாதுகாப்பு இல்லை.

ஆகவே நம் ஜமாஅத்தார் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, பழைய நிகாஹ் தப்தர்களையும் வக்ஃபு ஆவணங்களையும் ஈரச் சுவரிலிருந்து அகற்றி, பக்கம் பக்கமாகப் படியெடுத்து, இரண்டு வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். இரண்டாவது, வீடுகளின் பரண்களில் கிடக்கும் அரபுத்தமிழ்க் கிதாபுகளைத் தண்ணீரில் விடுமுன் பள்ளியில் காட்ட வேண்டும். அவ்வெழுத்தை வாசிக்க வல்ல முதியவர்கள் குறைந்து வருகின்றனர். மூன்றாவது, ஆண்டுதோறும் இம்மலரில் வரவு செலவுக் கணக்கோடு, நம் மஹல்லாவின் முதியவர் ஒருவரின் நினைவுகளையும் கேட்டெழுதி வெளியிட வேண்டும்.

அவ்வாறு செய்தால்தான் மேகசின் என்ற பெயருக்கு இம்மலர் உரியதாகும். இல்லையேல், வாழ்த்துரைகளும் விளம்பரங்களும் நிறைந்த வெறுங்கிடங்காகவே அது நின்றுவிடும். நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை யாவும் அமானிதமே. அவற்றை அறிந்து பாதுகாத்து, அடுத்த தலைமுறையிடம் குறைவின்றி ஒப்படைக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.