உட்கார்ந்து பேசுவது யாருடைய நீதி?



1989ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஆண்டு செப்டம்பரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதே மாத இறுதியில் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. வேலூரும் ஆம்பூரும் வாணியம்பாடியும் அடங்கிய இந்தத் தோல் நிலத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வந்தது. (சில ஆண்டுகளிலேயே அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். எல்லாத் தலைவர்களின் பெயர்களையும்தானே எடுத்தோம் என்று சமாதானம் சொன்னார்கள். அது வேறு கதை.) நவம்பரில், நமக்குத் தொடர்பே இல்லாத நியூசிலாந்தில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. தவறு செய்த சிறுவனையும் அவன் குடும்பத்தையும், அவனால் பாதிக்கப்பட்டவரையும், காவல்துறையையும் ஓர் அறையில் உட்காரவைத்து முடிவெடுக்கச் சொன்ன சட்டம் அது. இளம் குற்றவாளிகளுக்கான மறுசீரமைப்பு நீதி என்று பேசுகிறவர்கள் எல்லோரும் இந்தக் குடும்பக் கூடலைத்தான் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள்.

அது யாருடைய கருணையாலும் வந்ததல்ல. மாவோரிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து அரசு இல்லங்களில் அடைத்ததற்கு எதிராக அந்த மக்கள் எழுப்பிய குரலின் விளைவு. 1988இல் வெளியான, மாவோரி மொழியில் 'விடியல்' என்று பொருள்படும் அறிக்கை, சமூகநலத் துறைக்குள்ளேயே இனவாதம் உறைந்திருப்பதாகச் சொன்னது. அடுத்த ஆண்டு சட்டம் மாறியது. அதன்படி பையன் 'நான்தான் செய்தேன்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது குற்றம் நிரூபணமாகியிருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் தனக்கு நேர்ந்ததை அவன் முகத்துக்கு நேரே சொல்லலாம். வர விருப்பமில்லையென்றால் வேறொருவரை அனுப்பலாம். பிறகு குடும்பம் தனியே பேசி, மன்னிப்பு, இழப்பீடு, உழைப்பு, படிப்பு என்று ஒரு திட்டத்தோடு திரும்பி வரும்.

சமூகவியல் படித்த காலத்தில் நார்வே அறிஞர் நில்ஸ் கிறிஸ்டி 1977இல் எழுதிய கட்டுரையைப் படித்து மயங்கினேன். மனிதர்களுக்கு இடையிலான சச்சரவை அரசும் வழக்கறிஞர்களும் திருடிக்கொண்டார்கள், அதை உரியவர்களிடமே திருப்பித் தர வேண்டும் என்பது அவர் வாதம். அந்த மயக்கம் தெளியச் சில ஆண்டுகள் ஆயின. நம் சச்சரவை அரசு திருடவில்லை. ஊரின் கையிலிருந்து பிடுங்கி அரசின் கையில் கொடுக்க நாம்தான் போராடினோம்.

ஊரின் கையில் இருந்தபோது என்ன நடந்தது? சென்னை மாகாணத்தின் 1816ஆம் ஆண்டு 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம், வசைச்சொல், சில்லறை அடிதடி போன்றவற்றை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரத்தைக் கிராமத் தலைவருக்குத் தந்தது. குற்றவாளியைச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். அவர் 'கீழ்ச்சாதி' என்றால் 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். நேரம் பாதிதானே என்று கணக்குப் பார்க்காதீர்கள். ஒருவர் சுவருக்குள்ளே மறைந்து இருக்கிறார். இன்னொருவர் கால்களைத் துளையில் கொடுத்து ஊர் பார்க்க உட்கார்ந்திருக்கிறார். 'நாலு பேர் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சைக் கேட்டதும் நம் பெரியவர்கள் பின்வாங்குவதற்குக் காரணம் இந்த வரலாறு.

மாவோரிகளைப் போல, அரசு பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போன வரலாறும் நமக்கு உண்டு. இந்தியாவின் முதல் சிறார் சட்டம் 1920இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. வயது வந்தவர்களோடு சிறையில் கிடந்த பிள்ளைகளை அது பிரித்தது. அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் திருடிய பிள்ளையையும் திக்கற்ற பிள்ளையையும் அதே சட்டம் இல்லத்துக்கு அனுப்பியது. வறுமைக்கும் குற்றத்துக்கும் ஒரே வாசல்.

இன்றைய 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், முடிந்தவரை நீதிமன்ற நடவடிக்கையைத் தவிர்க்கச் சொல்கிறது. அறிவுரை, குழு ஆலோசனை, சமூகப் பணி, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று குழுமத்துக்குப் பல வழிகள் தருகிறது. பாதிக்கப்பட்டவரையும் பையனையும் எப்படி எதிரெதிரே உட்காரவைப்பது என்பதற்கு மட்டும் அதில் நடைமுறை இல்லை. 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி சிறு குற்றத்துக்கு முதல் தகவல் அறிக்கையே பொதுவாகக் கூடாது. அந்த இடைவெளியில் என்ன நுழைகிறது என்று காலனிப் பையன்களைக் கேளுங்கள். நாலு அறை, ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து, அப்பனிடம் பணம். செல்போனைப் பறிகொடுத்தவரும் ஷூ கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்தான்; அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. குடும்பக் கூடல் நம் பகுதிக்குத் தேவை என்று நான் சொல்வது இந்த வழக்குகளுக்காக. வேலூர் காகிதப்பட்டறையிலுள்ள அரசினர் பாதுகாப்பு இல்லம்வரை ஒரு பையன் போய்ச் சேருவதற்கு முன்பே யாராவது அவனோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

சாதி நடுவில் வரும்போது? 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில், சாதிக் கொடுமையைப் பற்றிப் பள்ளியில் சொன்னதற்காக ஒரு தலித் மாணவனை உடன் படித்த ஆதிக்க சாதிப் பையன்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்களும் சிறுவர்கள், கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அந்தப் பையன்களும் திருந்த வேண்டியவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் திருந்துவதற்கு வெட்டுப்பட்டவனைக் கருவியாக்க முடியாது. புகார் சொன்னதற்கே வெட்டு விழுந்த ஊரில், எதிரே வந்து உட்கார் என்று அவனை அழைப்பது எந்த நீதி?

என் நிலைப்பாடு இது. வன்கொடுமை வழக்கில் சந்திப்பு நடந்தாலும் அது வழக்குக்குப் பதிலாக அமையக் கூடாது. தீர்ப்புக்குப் பிறகு, பாதிக்கப்பட்டவர் தானாகக் கேட்டால், ஊருக்கு வெளியே நடக்கட்டும். 2021இல் ராமாவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதிக் காரணம் இல்லாத தனிப்பட்ட தகராறாக இருந்தால் வன்கொடுமை வழக்கையும் சமரசத்தின் பேரில் ரத்து செய்யலாம் என்று சொல்லிவிட்டது. சாதிக் காரணம் இல்லை என்று எழுதித் தரச் சொல்லி வீட்டு வாசலில் வந்து நிற்பவர்களை நாம் அறிவோம். 2015 திருத்தத்தில் வந்த 15ஏ பிரிவு, ஜாமீன் முதல் தண்டனைவரை பாதிக்கப்பட்டவரின் குரலைக் கேட்கச் சொல்கிறது. அதை முழுதாகப் பயன்படுத்திய வழக்குகள் எத்தனை என்று சட்டம் படிக்கும் மாணவர்கள் தேடிப் பாருங்கள்.

சிறு வழக்குகளில் கூடலை நடத்திப் பார்க்க நினைப்பவர்கள், நாள் குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பையனின் அம்மாவும், செல்போனைப் பறிகொடுத்தவரும் ஒரே கம்பெனியின் ஒரே ஷிப்டில் இருக்கலாம். வாரநாளில் அழைத்தால் இருவருக்குமே ஒரு நாள் சம்பளம் போகும்.