ஞாயிறு வேலைநாளான காலம்

ஓய்வு நாள் எதுவென்று பஞ்சாங்கத்தைப் பார்த்தே அறியவேண்டிய காலமொன்று இலங்கையில் இருந்தது. தமிழரசுக் கட்சியின் ஆதரவும் பெற்றிருந்த டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம், 1966ஆம் ஆண்டு தொடக்கம் ஞாயிறு ஓய்வை நீக்கி, அமாவாசை, பூரணை, இரு அட்டமிகள் ஆகிய போயா தினங்களை வாராந்த விடுமுறையாக்கியது. போயாவுக்கு முந்திய நாள் அரைநாள் வேலை. ஞாயிறு ஓய்வு அந்நியர் ஆட்சியோடு வந்தது என்ற பௌத்தரின் வாதத்தில் உண்மை இல்லாமலில்லை.

ஆயினும் சந்திரன் கந்தோர்க் கணக்குக்கு அடங்குவதில்லையே! ஏறக்குறைய 29.5 நாள் கொண்ட சந்திர மாதத்தை நான்காகப் பகுத்தால் ஏழு நாள் சரியாக வராது. ஒரு வாரம் நீண்டது, மற்றொன்று குறுகியது. வெளிநாடுகளில் வணிகம் நடக்கும் நாளில் கொழும்பு வங்கிகள் மூடிக் கிடந்தன. அவை ஓய்ந்த ஞாயிறன்று இங்கே திறந்திருந்தன.

யாழ்ப்பாணத்துச் சைவருக்கு இம்மாற்றத்தால் ஓர் அனுகூலமும் உண்டாயிற்று. தந்தையை நினைந்து ஆடி அமாவாசையில் கீரிமலையில் நீராடுவோருக்கும், தாயை நினைந்து சித்திரா பூரணை விரதம் காப்போருக்கும் விடுமுறை தானே வந்து வாய்த்தது. இளவாலை, ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கரின் நிலையோ வேறு. ஞாயிறு பூசை அவர்களுக்குத் தவிர்க்கலாகாத கடன். அரச சேவையிலிருந்தோருக்குப் பூசையும் கடமையும் ஒரே நாளில் வந்து நின்றன.

1970இல் ஆட்சி மாறியது. 1971இல் புதிய விடுமுறைச் சட்டம் ஞாயிறைத் திரும்ப அழைத்தது. பூரணை மட்டும் அரச விடுமுறையாக இன்றும் நிலைத்துள்ளது. அமாவாசை பழையபடி வேலைநாட்களோடு சேர்ந்துகொண்டது.