ஒலிக்கூடம் மடிக்கு வந்த வழி

ஹைதராபாத்தில் இசைப்பதிவுக்கென ஒரு மடிக்கணினியைத் தெரிவு செய்பவர் கேட்கும் கேள்விகள், நினைவகம் எவ்வளவு, செயலி எத்தகையது, விலை என்ன என்பவையாகவே பெரும்பாலும் அமைகின்றன. இவை கணினி வணிகம் கற்றுக்கொடுத்த கேள்விகள். ஒலிப்பதிவுத் தொழில் கற்றுக்கொடுத்த கேள்விகளோ இவற்றினும் மூத்தவை: அறை எவ்வளவு அமைதியானது, காலம் பிசகாமல் ஓடுகிறதா, எத்தனை குரல்களைத் தனித்தனியே ஏந்த முடியும், மின்சாரம் தூய்மையாக வருகிறதா என்பவை அவை. ஒரு பெருங்கூடத்திடம் கேட்கப்பட்ட இந்த நான்கும் இன்று ஒரு மடிக்கணினியிடம் கேட்கப்படுகின்றன. அந்த மாற்றம் நிகழ்ந்த வழியை அறியாமல் கருவியின் தகுதியை அளப்பது கடினம்.

நகரில் ஒலிக்கென அறைகளை ஒதுக்கிய பழைய நிறுவனங்களுள் தக்காண வானொலி குறிப்பிடத்தக்கது. நிஜாம் ஆட்சியின் கீழ் 1930களில் இயங்கத் தொடங்கி, உருதுவை முதன்மையாகவும் தெலுங்கு, மராத்தி, கன்னடம் ஆகியவற்றைத் துணையாகவும் கொண்டு ஒலிபரப்பிய அந்நிலையம், 1950 ஏப்ரல் 1 அன்று அகில இந்திய வானொலியின் பகுதியாயிற்று. பாடுபவரின் குரல் அக்கணமே அலைவரிசையில் ஏறிவிட்ட அக்காலத்தில் திருத்தத்துக்கு இடமில்லை. ஆகவே அறையின் அமைதியும் பாடகரின் ஆயத்தமுமே பதிவின் தரத்தை முடிவு செய்தன.

திரைப்படப் பாடலோ நெடுங்காலம் இந்நகருக்கு வெளியூர்ச் சரக்காகவே இருந்தது. தெலுங்குத் திரையுலகம் சென்னையில் வேரூன்றியிருந்தது. 1956இல் ஆந்திரப் பிரதேசம் உருவான பின், அமீர்பேட்டையில் எழுந்த சாரதி ஸ்டுடியோவில் 1959ஆம் ஆண்டின் ‘மா இன்டி மகாலட்சுமி’ முழுமையாகப் படமாக்கப்பட்டது. நடிகர் அக்கினேனி நாகேஸ்வர ராவ் நிறுவிய அன்னபூர்ணா ஸ்டுடியோ 1976இல் பஞ்சாரா குன்றுப் பகுதியில் திறக்கப்பட்டது, என்.டி.ராமராவ், கிருஷ்ணா ஆகிய நடிகர்களின் படப்பிடிப்புக் கூடங்களும் அடுத்தடுத்து வந்தன. ஒளிப்பதிவுக் கருவி இடம்பெயர்ந்த வேகத்தில் ஒலிவாங்கி இடம்பெயரவில்லை என்பது இவ்வரலாற்றில் கருதத்தக்க உண்மை. வயலின் குழுவினர், தாளக் கலைஞர்கள், பொறியாளர்கள் எல்லாரும் கோடம்பாக்கத்தையும் வடபழனியையும் சுற்றி வாழ்ந்ததால், பாடல் சென்னையில் பதிவாகி, காந்த நாடாவில் ஹைதராபாத்துக்கு வந்து, படப்பிடிப்புத் தளத்தில் ஒலிக்க, நடிகர்கள் அதற்கு வாயசைத்தனர். தெலுங்கு மண்ணின் பெருமிதமாகப் போற்றப்படும் ‘சங்கராபரணம்’ படத்துக்கு இசையமைத்தவர் நாகர்கோவில் பகுதியைச் சேர்ந்த கே.வி.மகாதேவன் என்பதைத் தமிழ் வாசகர் இங்கு நினைவுகூரலாம்.

அந்நாளைய கூடத்தின் மதிப்பு அதன் நாடாக் கருவியில் இருந்தது. இரண்டு அங்குல அகலமுள்ள நாடாவில் 24 தடங்களை, அதாவது ஒன்றோடொன்று கலக்காத 24 தனி ஒலிக்கோடுகளைப் பதிய முடிந்தது. 2,500 அடி நீளமுள்ள ஒரு சுருள், விநாடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடினால் ஏறத்தாழ 33 நிமிடங்களும், 30 அங்குல வேகத்தில் ஓடினால் அதில் பாதியுமே தாங்கும். ஓட்டம் சற்றே தளர்ந்தாலும் சுருதி இறங்கிவிடும் என்பதால், நாடாவைச் சீராக இழுக்கும் மோட்டாருக்கும் அதற்கு நிலையான மின்சாரம் தருவதற்கும் பெரும் பொருள் செலவிடப்பட்டது. இத்தகைய கருவியை வாங்குவதும் பேணுவதும் ஒரு தனிக் கலைஞரின் வருவாய்க்கு அப்பாற்பட்டவையாதலால், நல்ல பதிவு என்பது நல்ல கூடத்துக்குள் நுழையும் வாய்ப்போடு பிணைந்திருந்தது.

கணினி ஹைதராபாத்துக்குப் புதியதன்று. 1967இல் இந்நகரில் தொடங்கப்பட்ட எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா என்னும் அரசு நிறுவனம், டிராம்பேயில் உருவான டி.டி.சி.–12 என்னும் 12 பிட் கணினியை உற்பத்தி செய்தது. ஆனால் அக்கணினிகள் அணு ஆய்வுக்கும் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக்கும் உரியவை. இசைக்கும் கணினிக்குமான உறவு வேறு திசையிலிருந்து வந்தது. 1983இல் அறிமுகமான ‘மிடி’ என்னும் நெறிமுறை, எந்த ஸ்வரம் எப்போது எவ்வளவு அழுத்தத்துடன் ஒலிக்கவேண்டும் என்னும் கட்டளைகளை ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்ப வழி செய்தது. 1985இல் வெளியான அட்டாரி எஸ்.டி. கணினியில் மிடி இணைப்பு உடலோடே அமைந்திருந்ததால், உலகெங்கும் இசையமைப்பாளரின் மேசைக்கு அது எளிதில் வந்து சேர்ந்தது. சென்னையில் இளையராஜா 1986இன் ‘புன்னகை மன்னன்’ படத்தில் கணினிவழி இசைக்கோப்பைக் கையாண்டதும், ஏ.ஆர்.ரகுமான் தம் வீட்டை ஒட்டி அமைத்த கூடத்திலிருந்து 1992இல் ‘ரோஜா’ வெளிவந்ததும், கூடம் வீட்டுக்குள் வரமுடியும் என்பதைத் தென்னிந்தியாவுக்குக் காட்டின.

அதற்குள் ஒலியே எண்களாக வட்டில் ஏறத் தொடங்கியிருந்தது. 1991இல் வந்த புரோ டூல்ஸ் என்னும் ஒலிப்பதிவு மென்பொருள் நான்கு தடங்களை மட்டுமே கையாண்டது. அதற்கும் தனி மின்னணு அட்டைகள் தேவைப்பட்டன. 1996இல் ஸ்டைன்பர்க் நிறுவனம் வெளியிட்ட கியூபேஸ் வி.எஸ்.டி. என்னும் மென்பொருள், எதிரொலி, ஒலிச்சமன் போன்ற செயல்களைத் தனி அட்டையின்றிக் கணினியின் செயலியைக் கொண்டே செய்தது. கணினியின் வேகம் இசையின் தரத்தோடு பிணைந்த தருணம் இதுவே. இன்றைய வாங்குநர் செயலியைப் பற்றி விசாரிப்பதன் வேரும் இங்கேதான் இருக்கிறது.

இந்த மாற்றத்தின் முழுப் பொருளும் ஹைதராபாத்தில் ஒரே வட்டாரத்தில் காணக் கிடைக்கிறது. சாரதி ஸ்டுடியோ நிற்கும் அதே அமீர்பேட்டை, 1990களின் பிற்பகுதியிலிருந்து மைத்ரிவனம் கட்டடத்தைச் சுற்றிக் கணினிப் பயிற்சி நிலையங்கள் நெருங்கிய பகுதியாயிற்று. 1998இல் சைபர் டவர்ஸ் என்னும் மென்பொருள் வளாகம் திறக்கப்பட்டபோது, மென்பொருள் இந்நகரின் பிழைப்பாகவே மாறிக்கொண்டிருந்தது. செகந்திராபாத்தின் பார்க் லேனில் உள்ள செனாய் டிரேட் சென்டர் கணினி உதிரிபாகங்களின் சந்தையாக வளர்ந்தது. ஒரு புறம் பாகங்களை வாங்கிக் கணினியைக் கோத்துத் தரும் கைத்திறன், மறுபுறம் சென்னையிலிருந்து மெல்ல மெல்லக் குடிபெயர்ந்த இசைத்தொழில். இவை இரண்டும் ஒரே நகரில் சந்தித்ததால்தான், வீட்டு ஒலிக்கூடம் என்னும் ஏற்பாடு நடுத்தர வருவாயினருக்கும் எட்டிற்று எனக் கொள்வது பொருந்தும்.

மேசைக் கணினியிலிருந்து மடிக்கணினிக்கு மாறியபோது பழைய கேள்விகள் புதிய உருவில் திரும்பின. அவற்றுள் காலம் பற்றியது தலையாயது. கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாக அல்லாமல் சிறு சிறு குடங்களாக மொண்டு கொள்கிறது. அக்குடத்துக்குத் தொழில்மொழியில் ‘பஃபர்’ என்று பெயர், அது நிரம்பும்வரை ஏற்படும் தாமதம் ‘லேட்டன்சி’ எனப்படும். விநாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் பதிவில், 128 மாதிரிகள் கொண்ட குடம் நிரம்ப 2.7 மில்லி விநாடி ஆகும். 1,024 மாதிரிகள் கொண்டது நிரம்ப 21 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், முதலாவது தாமதம் மிருதங்கத்துக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான தொலைவில் நின்று பாடுவதை ஒக்கும். இரண்டாவது ஏழு மீட்டருக்கு அப்பால் நின்று பாடுவதை ஒக்கும். உள்ளே வருகையில் ஒரு முறையும் வெளியே செல்கையில் ஒரு முறையும் இத்தாமதம் நேர்வதால், பாடகரின் காதொலிப்பானில் அது இரட்டிப்பாகிறது. குடத்தைச் சிறிதாக்கினால் தாமதம் குறையும், ஆனால் செயலி ஓய்வின்றி உழைக்கவேண்டும். அருகலை அல்லது மின்சேமிப்புக்கான மென்பொருள் இடையில் சில மில்லி விநாடி அதைப் பிடித்துக்கொண்டால், பதிவில் ‘டிக்’ என்னும் வெடிப்பு விழும். விலையுயர்ந்த விளையாட்டு மடிக்கணினி ஒன்றில் இவ்வெடிப்பு விழ, அதன் பாதி விலையுள்ள எளிய கருவி பிசகின்றி ஓடுவதன் காரணம் இதுவே. கடைப்பட்டியலில் அச்சாகாத இக்குணத்தை, வாங்குமுன், ஒலிவாங்கியைக் கணினியோடு சேர்க்கும் ஒலி இடைமுகக் கருவியை இணைத்து ஓட்டிப் பார்த்தே அறிய இயலும்.

தடங்களின் எண்ணிக்கை இன்று பெரிய இடர் அன்று. அதே 48,000 மாதிரி வீதத்தில், 24 பிட் ஆழத்தில் ஒரு தடம் நிமிடத்துக்கு 8.64 மெகாபைட் இடம் கொள்வதால், 24 தடங்கள் கொண்ட ஐந்து நிமிடப் பாடல் ஏறத்தாழ ஒரு கிகாபைட்டில் அடங்கிவிடுகிறது. நினைவகத்தை விழுங்குபவை பதிவான குரல்களைவிட, வயலின் குழுவின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் முன்னரே பதிந்து வைத்த மாதிரித் தொகுப்புகள்தாம். குரலும் சில வாத்தியங்களும் பதிபவருக்கு 16 கிகாபைட் போதும், திரைப்படப் பின்னணி இசை செய்பவருக்கு 32 வேண்டும் என்பது நியாயமான கணக்கு. 2012க்குப் பின் நினைவகத்தைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கும் வழக்கம் பரவியதால், பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்னும் ஆறுதல் பல கருவிகளில் இல்லாமல் போயிற்று; பார்க் லேனின் கைத்திறனுக்கும் இது ஓர் இழப்பு.

மின்சாரத்தைப் பொறுத்தவரை மடிக்கணினி ஒரு பேருதவி செய்தது. ஒருங்கிணைந்த ஆந்திரத்தின் இறுதியாண்டுகளில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது, மின்கலம் பதிவைக் காத்தது. நில இணைப்புச் சரியில்லாத பழைய வீடுகளில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஒலிக்குள் புகும்போது, மின்னேற்றியைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் பதிவதும் நடைமுறை. ஆயினும் அந்நிலையில் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளக்கூடும் என்பதை மறக்கலாகாது.

எஞ்சியது அமைதி. ஆஷாட மாதப் போனாலு விழாவுக்கென்று ஆண்டுதோறும் வெளிவரும் பாடல்களும், தப்புப் பறையும் தீன்மார் தாளமும் ஒலிக்கும் டி.ஜே. கலவைகளும் சிறு வீட்டுக் கூடங்களில் பெருமளவு உருவாகின்றன. இவை விழாவுக்கு முன்பே ஆயத்தமாக வேண்டியிருப்பதால், நகரம் 40 பாகையைத் தாண்டும் கோடையின் கடைசி வாரங்களிலும் பதிவு நடக்கிறது. மின்விசிறியை நிறுத்தி, சாளரங்களை அடைத்து, துணிகளும் மெத்தைகளும் தொங்கவிட்ட அறையில் பாடகர் நிற்க, மடிக்கணினி சூடேறித் தன் காற்றாடியைச் சுழற்றும்போது அந்த ஓசை ஒலிவாங்கிக்குள் நேரே சென்றுவிடுகிறது. 2020இன் இறுதியில் எம்1 செயலியுடன் வந்த, காற்றாடியே இல்லாத மேக்புக் ஏர் இவ்வகையில் பெரும் மாறுதல். எனினும் நெடுநேரம் பளு ஏற்றினால் வெப்பத்துக்கு அஞ்சி அதுவும் தளர்கிறது. அதனால் பொறியாளர்கள் மென்பொருள் வாத்தியங்களை முதலில் வெறும் ஒலித் தடங்களாக மாற்றிச் செயலியின் சுமையை இறக்குகின்றனர், பிறகு குரலைப் பதிகின்றனர்; இரண்டு சரணங்களுக்கு ஒருமுறை மின்விசிறியைப் போட்டு, பாடகரையும் கருவியையும் ஒருசேர ஆறவிட்டு, மீண்டும் அணைத்துத் தொடர்கின்றனர்.